இணையத்தில் ஓர் ஆற்றுப்படை

பரிசில் பெற்று மீளும் ஒருவன், எதிர்ப்படும் வறியவனிடம் தான் சென்று வந்த வழியை எடுத்துரைத்து ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. இது நம் துறை மாணவர் அனைவரும் முதலாண்டிலேயே பயிலும் இலக்கணம். பத்துப்பாட்டுள் இவ்வகை நூல்கள் ஐந்து உண்டெனினும், வழி என்பதையே வழியாக எடுத்துப் பேசுவது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் ஒன்றுதான் என்பது என் எண்ணம். 583 அடிகள் கொண்ட அப்பாட்டில் நன்னனின் கொடையைக் காட்டிலும் அவன் மலைக்குச் செல்லும் பாதையே என் மனத்தில் மிகுதியும் நிற்கிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், பாம்பு மறைந்திருக்கும் குழி எத்தகையது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, பாசி படிந்த வழுக்குப்பாறையில் எதைப் பற்றிக்கொண்டு நடப்பது என்று புலவர் ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கிறார். பாதை பிரியும் இடங்களில், பின்னர் புதியராய் வருவோர் மயங்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் இட்டுச் செல்லுங்கள் என்றும் அறிவுறுத்துகிறார். தான் போய்ச் சேர்ந்தால் போதும் என்று எண்ணாமல், அடுத்து வருபவனுக்காகக் குனிந்து புல் முடியும் அந்தக் கை எனக்கு மிகவும் உவப்பான கை.

இப்பாட்டை வகுப்பில் நடத்திய ஒரு நாளில், மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இது இன்றைய இணைய வரைபடம் போல இருக்கிறதே!" என்றார். வகுப்பு சிரித்தது, எனக்கோ அது சிரிப்பாகத் தோன்றவில்லை. எங்கள் மாணவர் இயற்கை உலாவிற்காக மலையேறத் தொடங்கியிருந்த காலம் அது. ஒவ்வொரு பயணமும் முடிந்தபின் எஞ்சுவன சில நிழற்படங்களும் கால்வலியும் மட்டுமே. எந்த முடியில் ஏறினோம், எவ்வழியே ஏறினோம், எங்கே இளைப்பாறினோம் என்பன அடுத்த ஆண்டு மாணவருக்குச் செவிவழிச் செய்தியாகக்கூடச் சென்று சேர்வதில்லை. எனவே தமிழ்த்துறை மாணவரும் கணிப்பொறி அறிவியல் மாணவரும் கூடி, ஏறிய முடிகளையும் ஏற வேண்டிய முடிகளையும் காட்டும் இணைய வரைபடம் ஒன்றை உருவாக்குவதென முடிவாயிற்று. அதன் கதையே இக்கட்டுரை.

மலைமுடிகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றாக ஏறி முடிக்கும் வழக்கம் மேலைநாட்டினருக்கு மிகப் பழகிய ஒன்று. ஸ்காத்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ மன்றோ என்பார் 1891ஆம் ஆண்டு அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். இன்று அவர் பெயராலேயே 'மன்றோ' என வழங்கும் அம்முடிகள் 282. பாதிரியார் ஏ.இ. இராபர்ட்சன் 1901இல் அவற்றை முதன்முதலாக ஏறி முடித்தவராகக் கருதப்படுகிறார். பட்டியலிட்ட மன்றோவோ முழுவதும் ஏறாமலே 1919இல் மறைந்தார். இதில் நான் வியப்பது வேறொன்று. எது தனி முடி, எது மற்றொரு முடியின் தோள் என்பதற்கு அவர் திட்டவட்டமான வரையறை எதனையும் விட்டுச் செல்லவில்லை. அதனால் நூறாண்டு கடந்தும் பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் நடந்து வந்திருக்கின்றன.

இவ்விடர் எங்களுக்கும் நேர்ந்தது. ஆயினும் எங்களுக்குத் தமிழ் துணை நின்றது. மலை, குன்று, வரை, சிலம்பு, அடுக்கம், முடி, உச்சி, கோடு என்று நம் மொழியில் உயர்நிலத்தைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றுள் கோடு என்னும் சொல் எனக்குத் தனி இன்பம் தந்தது. மலையின் சிகரமும் கோடு. தாளில் இழுக்கும் வரியும் கோடு. வரை என்பதும் அவ்வாறே: மலையும் வரை, எழுதுதலும் வரைதல். மலையை வரைபவனுக்கு இதைவிட வாய்ப்பான மொழி வேறெது? கணிப்பொறி மாணவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு தங்கள் வேலையைத் தொடர்ந்தனர்.

அவர்களுடைய வேலையைச் சுருங்கச் சொல்கிறேன். உலகெங்கும் தன்னார்வலர் கூடி வரைந்து வரும் திறந்த வரைபடமாகிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் 2004ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றியது. அதனை அடித்தளமாகக் கொண்டோம். அதன்மேல் குறிகளும் கோடுகளும் இட, உக்ரேன் நாட்டு விளாதிமிர் அகாஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட் என்னும் இலவச மென்பொருள் பயன்பட்டது. ஏறிய முடி பச்சை, ஏறாதது சாம்பல். குறியைத் தொட்டால் பெயர், உயரம், ஏறிய நாள், ஏறியவர் குழு, ஒரு நிழற்படம் ஆகியவை விரியும். கோட்டைத் தொட்டால் பாதையின் ஏற்ற இறக்கம் படமாகத் தோன்றும். காட்டில் அலைவரிசை கிட்டாது என்பதால், வரைபடத்தை முன்னதாகவே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளவும் வழி செய்தனர்.

கைப்பேசி செயற்கைக்கோள்களின் குறிப்பைப் பெற்றுச் சில நொடிகளுக்கு ஒரு புள்ளியாகப் பதிந்து வருவதே பாதைக் கோடு. அமெரிக்கா தன் செயற்கைக்கோள் குறிப்பில் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் நீக்கியிராவிடில், பொதுமக்கள் கையில் இத்துல்லியம் வந்திராது. ஆனால் காட்டில் அது வீட்டு முற்றத்தில் உள்ளது போல இயங்குவதில்லை. மரச்செறிவும் பாறைச் சுவர்களும் குறிப்பை மறைக்கும், எதிரொலித்தும் திருப்பும். நாம் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருந்தாலும் கைப்பேசி நம்மை அங்குமிங்கும் நடத்தி, திரையில் நூல் சிக்கு விழுந்தாற்போல் ஓர் உருண்டையை வரைந்துவிடும். முதற்பயணத்தின் கோட்டைத் திரையில் கண்டபோது, இந்தச் சிக்குகளை அகற்றிவிட வேண்டுமென்று மாணவர் கருதினர். கூர்ந்து நோக்கினால், ஒரு சிக்கு நாங்கள் கட்டுச்சோறு உண்ட இடம். மற்றொன்று ளுஹர் தொழுகைக்கு அணிவகுத்து நின்ற பாறை. அதை அப்படியே விட்டுவிடச் சொன்னேன். இன்றும் அவ்வரைபடத்தில் தொழுத இடங்கள் சிறு நூலுருண்டைகளாகத் தெரிகின்றன. விவரம் அறியாதவர் அதைக் கருவியின் பிழையென்றே கொள்வர்.

உயரத்தைப் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. பொதிகை முடியின் உயரம் 1,868 மீட்டர் என்று நூல்கள் கூறும். திருத்தப்படாத கைப்பேசிக் கணக்கோ அங்கே 1,770 மீட்டருக்கு அருகே காட்டும். கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றாலோ, கடல்மட்டத்துக்கு 90 மீட்டருக்கு மேல் கீழே இருப்பதாகச் சொல்லும்! கருவியைக் குறை சொல்வதற்கில்லை. செயற்கைக்கோள் கணக்கு, பூமியை வழவழப்பான நீள்கோளமாகக் கொண்டு உயரத்தை அளக்கிறது. உண்மைக் கடல்மட்டமோ புவியீர்ப்பின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகிலேயே அது மிகத் தாழ்ந்து கிடக்கும் இடம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் உள்ளது. அங்கே பள்ளம் 100 மீட்டரையும் தாண்டும். அப்பள்ளத்தின் விளிம்பில் வாழ்பவர்கள் நாம். ஐரோப்பியர் எழுதிய கணிப்பொறி நிரலை அப்படியே எடுத்துப் பொதிகைக்குப் பொருத்தினால் மலை குள்ளமாகிவிடுவது இதனாலேயே. இத்திருத்தத்தைச் செய்து முடித்த மாணவிக்கு, தமிழ்த்துறையின் சார்பில் ஒரு தேநீர் வாங்கித் தந்தோம்.

மலையையும் உயரத்தையும் பற்றிப் பேசுங்கால் அல்பிரூனியை நினையாதிருத்தல் இயலாது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்று பாகிஸ்தானில் உள்ள உப்பு மலைத்தொடரில், நந்தனா என்னும் கோட்டைக்கு அருகே அவர் ஓர் ஆய்வு நிகழ்த்தினார். சமவெளியில் ஈரிடங்களில் நின்று மலையுச்சியின் கோணத்தை அளந்து அதன் உயரத்தைக் கண்டார். பின்பு உச்சியில் ஏறி, தொடுவானம் கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு தாழ்ந்து தோன்றுகிறது என்பதை அளந்தார். அவ்விரு அளவுகளைக் கொண்டு பூமியின் ஆரத்தையே கணித்தார். அவர் கண்ட விடை இன்றைய அளவுக்கு வியப்பூட்டும் வகையில் நெருங்கியது என்று நம் மேடைகளில் முழங்குவதுண்டு. காற்றில் ஒளி வளைவதால் அத்தகைய அளவையில் பிழை நுழையும் என்பதும், அவர் கொண்ட முழம் எத்தனை அங்குலம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதும் மேடையில் சொல்லப்படுவதில்லை. அவர் பெருமை அந்த விடையின் துல்லியத்தில் இல்லை. பாலைவெளியில் நீண்ட தொலைவு நடந்து அளக்க வேண்டிய ஒன்றை, ஒரு மலையேற்றத்தில் அளந்துவிடலாம் என்று கண்ட அறிவில் இருக்கிறது. அவருக்கு முன்னரே அல்குவாரிஸ்மி, நகரங்கள், மலைகள், கடல்கள், ஆறுகள் என வகைப்படுத்தி, அகலாங்கும் நெட்டாங்கும் குறித்த பெருநூல் ஒன்றை யாத்தார். படத்தைக் காட்டிலும் எண்களின் பட்டியலே அந்நூல். எங்கள் வரைபடத்தின் உள்ளே இருப்பதும் அத்தகைய பட்டியலே. அதை இயக்கும் கணிப்புமுறைக்கு ஆங்கிலத்தார் வழங்கும் பெயரே அவர் பெயரின் திரிபுதான்.

இதைக் கேட்டு ஊக்கம் கொண்ட மாணவர் ஒருவர், ஒவ்வொரு முடியிலிருந்தும் கிப்லாத் திசையைக் காட்டும் கோடொன்றை இட்டார். பொதிகையிலிருந்து மக்காவுக்குத் திரையில் நேர்கோடு இழுத்தால், வடக்கிலிருந்து வலஞ்சுழியாக ஏறக்குறைய 290 பாகை வருகிறது. கோளத்தின்மேல் உண்மையான குறும்பாதையைக் கணக்கிட்டாலோ 294 பாகை. உருண்டையைத் தட்டையாக்கிய படத்தில் நேர்கோடு நேர்வழி ஆவதில்லை. அவர் கணக்கிட்டே வரைந்தார். அதனால் அக்கோடு திரையில் சற்றே வளைந்து செல்கிறது. பார்ப்போர் பலரும் ஏன் வளைவு என்று வினவுகின்றனர். அவர் சலிக்காமல் விளக்குகிறார்.

பெயர்களே தமிழ்த்துறையின் பங்கு. நீலகிரியின் முடிகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் சிதைந்து கிடந்தன. திறந்த வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் தமிழ்ப் பெயரைத் தனியே பதியலாம். அவ்வாறு பதிவதற்கு முன், பெயரைச் சொல்பவர் யார் என்று கேட்டோம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் பெயரிலேயே பெரிய மலை என்னும் பொருள் அமைந்திருக்க, அதன்பின் 'மலை', 'சிகரம்' என்று ஒட்டுவது வீண். 2,695 மீட்டர் உயரத்தோடு மேற்குத் தொடரின் தலையாய முடியாக நிற்பது ஆனைமுடி. அதன் பெயரில் ஆனையையும் முடியையும் எந்தத் தமிழரும் காணலாம். இவை எளிதானவை. பெயரே இல்லையென்று அரசு வரைபடம் விட்டுவிட்ட பாறைகளுக்கும் ஓடைகளுக்கும், அங்கே ஆடு மேய்ப்பவரிடமும் தேன் எடுப்பவரிடமும் பெயர் இருந்தது. அவற்றை எழுதிக்கொண்டு வருவதற்காகவே எங்கள் மாணவர் இருவர் இரண்டாம் முறையும் மலையேறினர்.

இலங்கையில் உள்ள பாவா ஆதம் மலைக்கு நான் சென்று வந்ததும் இவ்வரைபடத்தில் உண்டு. 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையைச் சிவனொளிபாதமலை என்று சைவரும், ஸ்ரீபாத என்று பௌத்தரும் போற்றுவர். 1344இல் அதில் ஏறிய இப்னு பதூதா, பாவா பாதை, மாமா பாதை என இருவழிகளைக் குறிக்கிறார். மாமா பாதை எளிது; இறங்குவோர் அதனைக் கொள்வர். அதன் வழியே ஏறியவனை ஏறியவனாகவே மக்கள் கருதுவதில்லை என்றும் எழுதுகிறார். பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளையும் அவர் எண்ணி வைத்திருக்கிறார். ஏறியது மட்டும் போதாது, எவ்வழியே ஏறினாய் என்பதும் கணக்கு என்னும் கருத்து, மன்றோவுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அம்மலையில் இருந்திருக்கிறது. நான் நல்லதண்ணி வழியே, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் ஏறினேன். இரத்தினபுரி வழி நீண்டது. அக்கோடு இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருக்கிறது. அவர் அங்கிருந்து புறப்பட்டு நம் மாபர் கரையை அடைந்து மதுரைச் சுல்தானைக் கண்டார் என்பதையும் வரைபடக் குறிப்பில் சேர்த்திருக்கிறோம்.

இதுவரை கூறியவை மகிழ்ச்சிக்குரியவை. ஒன்று எங்களை இரண்டு மாதம் உறங்கவிடவில்லை.

2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் போடிக்கு அருகே குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் இளைஞரே மிகுதி. அப்பாதையின் கோடு அன்றும் இணையத்தில் இருந்தது; இன்றும் இருக்கிறது. கோடு ஆண்டு முழுவதும் ஒரே நிறத்தில் இருக்கும், காடு அப்படியிருப்பதில்லை. ஆதலால் எங்கள் வரைபடத்தில் கோடுகளுக்குப் பருவம் கொடுத்தோம். கோடைத் தீக்காலத்தில் வனத்துறை பாதைகளை அடைக்கும் நாட்கள் வந்ததும் கோடு தானே மறைந்து, 'அனுமதியில்லை' என்னும் சொல் மட்டும் நிற்கும். இசைவு பெற்றே செல்ல வேண்டிய காட்டில், இசைவு பெறும் வழியைக் காட்டாமல் கோட்டை மட்டும் காட்டுவதில்லை எனவும் உறுதி செய்தோம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை இணையப் பதிவுமுறையில் திறந்தபின் இது எளிதாயிற்று.

கடினமான வினா பொதிகையில் எழுந்தது. போணக்காட்டிலிருந்து புறப்பட்டு, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் கயிற்றைப் பற்றிப் பாறையேறி உச்சியை அடையும் பயணம் அது. மகளிர் ஏறுவதற்கு முன்பு இருந்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 2018இல் நீக்கியதால் எங்கள் மாணவியர் இருவரும் உடன் வந்தனர். வழிகாட்டியாக வந்தவர் முதிய காணிக்காரர். தண்ணீர் தீர்ந்த வேளையில், அவர் எங்களைப் பாதையிலிருந்து விலக்கி ஒரு சிறு ஊற்றுக்கு அழைத்துச் சென்றார். வயிறாரக் குடித்தோம். கைப்பேசியில் மாணவர் அவ்விடத்தைக் குறித்துக்கொள்வதைக் கண்ட பெரியவர் என்னிடம் வந்து, "சாரே, வழியப் போடுங்க, தண்ணிய மட்டும் போட வேண்டாம்" என்றார். காரணம் கேட்டேன். கோடையில் ஆனை குடிக்க அங்கே அது ஒன்றே எஞ்சும் என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஊர் திரும்பியதும் மாணவர் இரு கூறாகப் பிரிந்தனர். குறித்த மாணவர் கூறியது எளிதில் தள்ளத்தக்கதன்று. நாவறண்டு வரும் ஒருவனுக்கு நீர் இருக்கும் இடத்தை மறைப்பது அறமா? தாகித்தவனுக்கு நீர் தருவதன் சிறப்பை நம் மார்க்கம் எவ்வளவு சொல்லியிருக்கிறது? தெரிந்தே ஒன்றை விட்டு வரைந்த படம் பொய்ப்படம் ஆகாதா? மறுதரப்பினர், உடற்பயிற்சிச் செயலியாகிய ஸ்ட்ராவா தன் பயனர் அனைவரின் தடங்களையும் 2017 நவம்பரில் ஒரே படமாக வெளியிட, ஆளில்லாப் பாலையில் இராணுவ முகாம்களின் வடிவம் ஒளிர்ந்ததையும் 2018 சனவரியில் உலகம் அதைக் கண்டு திகைத்ததையும் எடுத்துக்காட்டினர். தனியொரு தடம் ஊமை. தடங்கள் சேர்ந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடும். இன்று பத்துப்பேர் குடித்த ஊற்றில், குறியிட்டபின் பருவந்தோறும் நூறுபேர் கூடுவர்.

நான் அவ்வூற்றை அமானிதமாகக் கருதினேன். அவர் அதை எங்களுக்குக் காட்டியது எங்கள் தாகத்துக்காக. எங்கள் வரைபடத்துக்காக அன்று. தாகித்தவனுக்கு நீர் மறுக்கப்படவும் இல்லை. அம்மலையில் வழிகாட்டி இன்றி எவரும் ஏற இயலாது. வழிகாட்டிக்கு ஊற்றுத் தெரியும். இதைச் சொன்னபின்னும் அம்மாணவர் முழுதும் இணங்கினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் குறியை நீக்கினால் மட்டும் போதாது என்பதைக் கண்டு சொன்னவர் அவரே. நாங்கள் நின்று நீர் குடித்த நேரத்தில் கைப்பேசி தன் வழக்கப்படி அங்கே ஒரு நூலுருண்டையை வரைந்து வைத்திருந்தது. குறியே இல்லாவிடினும் அது ஊற்றைக் காட்டிக்கொடுக்கும். பாதையிலிருந்து விலகிச் சென்று மீண்ட அப்பகுதியை முழுவதும் வெட்டி, இரு முனைகளையும் இணைத்து, பழைய கோப்பையும் அழித்தார்.

அடுத்த சனவரியில் வேறொரு குழுவுடன் அவர் பொதிகைக்குச் சென்றார். அதே பெரியவரே வழிகாட்டியாக வாய்த்தார். முகாமில் வரைபடத்தைக் காட்டியபோது, பெரியவர் கைப்பேசியை வாங்கி, விரலால் பெரிதாக்கி, ஒரே இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பின்னர் அதைத் திருப்பிக் கொடுத்து, உச்சிக்குக் கீழே பெயரின்றி நின்ற ஒரு பாறையைச் சுட்டி, "இதுக்குப் பேர் போடலையே" என்று கேட்டு, அதன் பெயரையும், அதை அடுத்த ஓடையின் பெயரையும், அதற்கப்பால் உள்ள இரு மேடுகளின் பெயர்களையும் சொன்னாராம். மாணவர் அந்நான்கையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தார்.